தங்கையன் அழுக்காக்கிய டாங்கி

கோட்டாறு கடைத்தெருவில் வந்து பெயிண்டர் தங்கையன் வீடு எது என்று கேட்டால், "எந்தத் தங்கையன்?" என்று நாலு பேராவது திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பக்கம் தங்கையன்களுக்குப் பஞ்சமே கிடையாது. "புதுச் சாமானை அழுக்காக்குகிற தங்கையன்" என்று சொன்னால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலிலேயே விட்டுவிடுவார்கள். பட்டப்பெயர் வைப்பதில் ஊருக்கு இருக்கிற சுறுசுறுப்பு, அது எப்படி வந்தது என்று விசாரிப்பதில் இருக்காது. மனுஷனுக்குக் கிறுக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

உண்மையில் அவரைப் போல ஒரு சுத்தக்காரரைப் பார்ப்பது கஷ்டம். வேலை முடிந்ததும் பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுருட்டி வைத்த பிறகுதான் தன் கையைக் கழுவுவார். பஸ்ஸுக்கு அவர் பெயிண்ட் அடித்தால், காய்கிற வரைக்கும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஈ விரட்டுவார். முதலாளிமார் சிரிப்பார்கள். ஆனாலும் அடுத்த பஸ்ஸை அவரிடமேதான் விடுவார்கள். ஐம்பத்தாறில் இந்தப் பக்கமெல்லாம் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்தபோது, மலையாளப் பலகைகளைத் தமிழாக்குகிற வேலை வந்து குவிந்தது. அப்போதும் ஒரு பலகையில் எழுத்து கோணிப்போயிற்று என்று யாரும் வந்து நின்றதில்லை. அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் இந்தப் பெயர்.

யுத்தத்துக்கு ஆள் எடுத்த காலத்தில் தங்கையன் வில்வண்டிகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் பெயிண்டருக்கு என்ன சோலி என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கே பெயிண்டருக்குத்தான் ஓயாத வேலை. பர்மாவில் டாங்கிகளைப் பழுது பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் அவரைப் போட்டார்கள். டாங்கி என்றால் இரும்பாலான சண்டை வண்டி. சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலி ஓடும், மேலே பீரங்கி நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அடிபட்டு வருகிற டாங்கியைத் தட்டி நிமிர்த்தி, பச்சை அடித்து, நம்பர் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினது கொஞ்ச நாளில் சேறும் கரியுமாகத் திரும்பி வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் தங்கையனுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அங்கேதான் ஆறுமுகப்பெருமாளைப் பார்த்தார். தோவாளைப் பக்கத்துப் பையன், டாங்கி ஓட்டுகிறவன், மீசை அப்போதுதான் கறுக்க ஆரம்பித்திருந்தது. இவர்கள் இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டு மற்றத் தமிழர்கள், "இவனுங்க பேசுறானுங்களா, பாடுறானுங்களா?" என்று கேலி செய்வார்கள். ஊரில் இருந்திருந்தால் வெள்ளாளப் பையனும் சர்ச்சுக்குப் போகிற பெயிண்டரும் ஒரு தட்டில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பர்மாவில் இருந்ததே ஒரு தட்டுதான். அந்தப் பையன் நாற்பத்தைந்தில் டாங்கிக்குள்ளேயே செத்துப்போனான். தங்கையன் ஊர் திரும்பினார், நேசம்மாளைக் கட்டினார், பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார். பட்டாளத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும், "சாப்பாடு கொள்ளாம்", அதாவது நன்றாக இருந்தது, என்பதோடு சரி.

நாற்பத்தொன்பதில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், தோவாளையில் ஒரு பஸ்ஸுக்குப் பெயர் எழுதப் போயிருந்தார். பூக்கூடைகளை ஏற்றிப் போகிற பஸ். காலியாக நிற்கும்போதும் பிச்சிப்பூ வாசம் அடிக்கும். உச்சி வெயிலுக்குக் கிருஷ்ணமணியின் சாயாக்கடையில் ஒதுங்கினார். அப்போது ரோட்டில் ஒரு வயதான அம்மாள் இடுப்பில் குடத்தோடு போனாள். எதிரிலேயே குளம் கரை தட்டிக் கிடக்கிறது. அந்த அம்மாள் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், எங்கேயோ தூரத்தில் இருக்கிற கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

"அந்த அம்மைக்குக் கொளம் கண்ணுக்குத் தெரியல்லியா?" என்று கேட்டார் தங்கையன்.

"தெரியாம என்ன?" என்றான் கிருஷ்ணமணி. "அழகியநாயகி அம்மைக்கும் கொளத்துக்கும் பேச்சுவார்த்த கெடையாது. அவ மவன் பட்டாளத்துக்குப் போயி கொளத்துல முங்கிச் செத்தாம்லா."

"பட்டாளத்துல ஏதுவே கொளம்?"

"அதத்தான் எல்லாரும் கேக்கோம். இந்தக் கொளத்த அக்கரைக்கும் இக்கரைக்கும் மூச்சு வாங்காம நீந்துன பய. அவன் முங்கிச் செத்தான்னா, தானா முங்குனாத்தான் உண்டு. போற அன்னைக்கு அம்மைக்கும் மவனுக்கும் சண்ட. அவ என்னமோ சொல்லிட்டா. என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் வாயத் தொறக்கல்ல. அதுல மனசு விட்டுத்தான் அவன் கொளத்துல குதிச்சான், தன் வாய்தான் பிள்ளையக் கொன்னுதுன்னு நெனச்சிக்கிட்டுக் கெடக்கா."

"பையன் பேரு?"

"ஆறுமுகப்பெருமாள்."

தங்கையன் சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

நடந்தது இதுதான். பையன் செத்த சேதி வந்தபோது நாகர்கோவில் பட்டாள ஆபீசுக்குப் போனது அழகியநாயகியின் தம்பி பூதலிங்கம். அங்கே இருந்த திருவனந்தபுரத்து ஆபீசர், "டாங்கில் வச்சு மரிச்சு" என்று மலையாளத்தில் சொன்னார். பூதலிங்கம் மராமத்து ஆபீசில் பியூன். அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் முதலாவது டாங்க். மராமத்துக்காரர்களுக்குக் குளமெல்லாம் டாங்க்தானே. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த டாங்க் மடை, இந்த டாங்க் கரை என்றுதான் ஆபீசில் பேச்சு. மனுஷன் அழுதுகொண்டே ஓடிவந்து, "அக்கா, பய கொளத்துல போயிட்டான்" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் என்ன தப்பு? சண்டை போடுகிற இரும்பு வண்டிக்குப் போய் எவனாவது குளத்தின் பெயரை வைப்பான் என்று அவர் கண்டாரா?

அன்று சாயங்காலமே தங்கையன் அந்த வீட்டுக்குப் போனார். அழகியநாயகி முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பூதலிங்கமும் இருந்தார். தங்கையன் தான் யார் என்று சொல்லிவிட்டு, மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னார்.

"அம்மா, ஒங்க மவன் கொளத்துல சாகல்ல. அவன் ஓட்டுன டாங்கியில வச்சு, சண்டையிலயாக்கும் செத்தான். டாங்கின்னா இரும்பு வண்டி."

"இரும்பு வண்டிய எந்த மாடு இழுக்கும்?"

"மாடு கெடையாது. எஞ்சின்தான். ஒங்க மவன் உள்ள இருந்து ஓட்டுவான்."

"உள்ள இருந்தா ரோடு எப்பிடித் தெரியும்?"

"அதுக்கு ரோடு வேண்டாம் அம்மா. வயல், காடு எல்லாத்துலயும் ஏறிப் போகும். சங்கிலி மேலயாக்கும் ஓடும். மேல பீரங்கி உண்டு, அது தனியாச் சுத்தும்."

சொல்லச் சொல்ல தங்கையனுக்கே அது பொய் மாதிரித் தோன்ற ஆரம்பித்தது. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கையை விரித்துக் காட்டினார். ரோடு வேண்டாத, மாடு வேண்டாத, தலை தனியாகச் சுற்றுகிற வண்டி. அழகியநாயகி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நீ நல்லவனா இருக்க. எம்மனசு ஆறட்டும்னு சொல்லுக. இப்பிடி ரெம்பப் பேரு வந்து சொல்லியாச்சு. காய்ச்சல்ல போனான்னு ஒருத்தன் சொன்னான். பாம்பு கடிச்சிட்டுன்னு ஒருத்தன் சொன்னான். எல்லாரும் நல்லவங்கதான்." ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி அரிசி பொறுக்க உட்கார்ந்தாள்.

பூதலிங்கம் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார். "ஓய், நான் சொன்னது தப்புன்னு எப்பிடியாவது அவளுக்குக் காட்டிரும். இத்தன வருஷமா அக்கா மொகத்த என்னால நேராப் பாக்க முடியல்ல. நான் முட்டாள்னு ஆனா, எனக்கு அத விட சந்தோஷம் வேற இல்ல" என்றார். சொல்லிவிட்டு மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வாயால் சொன்னால் ஆகாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று தங்கையன் முடிவு கட்டினார். போட்டோ எதுவும் அவரிடம் கிடையாது. பூவரசங்கட்டை ஒன்றை வாங்கி வந்து செதுக்க ஆரம்பித்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு டாங்கி. நேசம்மாள் சர்ச் மிஷனுக்கு லேஸ் பின்னுகிறவள். அவளுடைய காலி நூல்கட்டைகள் சக்கரங்களாயின. பழைய சைக்கிள் செயின் அந்தச் சக்கரங்களைச் சுற்றி ஓடியது. கிழிந்துபோன குடையின் தண்டில் ஒரு துண்டை வெட்டிப் பீரங்கியாக வைத்தார். ஓட்டுகிறவன் இறங்கி உட்காருகிற ஓட்டையைக்கூட விடவில்லை. முன்னால் அதற்கு ஒரு மூடி, மூடிக்குக் கீல். எல்லாம் முடிந்ததும் பஸ்ஸுக்கு அடிக்கிற நல்ல பச்சையை மூன்று தடவை அடித்து, மேலே வார்னிஷும் பூசினார். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"கொள்ளாமே" என்றாள் நேசம்மாள். "குடுக்கதுக்கு மனசு வருமா ஒங்களுக்கு?"

துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். அழகியநாயகி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செயினை ஓட்டிப் பார்த்தாள். மூடியைத் திறந்து மூடினாள். தங்கையனுக்கு நம்பிக்கை வந்தது.

"சப்பரம் மாதிரி இருக்கு. நல்லாத்தான் பண்ணிருக்க" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆனா இதுல யாரும் ஏறி எறங்குன மாதிரி இல்லியே."

அவ்வளவுதான். துண்டில் சுற்றி அவள் கையாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தங்கையனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு செய்தும் ஒரு மனுஷிக்குப் போதவில்லையே என்று இருந்தது. ஒழுகினசேரிப் பாலம் தாண்டுவதற்குள் அந்தக் கோபம் இறங்கிவிட்டது. அவள் சொன்னது சரிதான். தான் செய்தது ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே போகிற டாங்கி. அந்தப் பையன் வெயிலிலும் மழையிலும் கிடந்து, சாப்பிட்டு, தூங்கி, ஓட்டிக்கொண்டிருந்தது வேறு டாங்கி. அது சேறும் கரியுமாக, இவருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பிக்கொண்டு திரும்பி வருமே, அது.

ஆக, அழுக்காக்க வேண்டும். சொல்லிவிடலாம். ஆனால் ஈ உட்காரக்கூட விடாத கை அது. முதல் தடவை சேற்றைத் தொட்டுப் பச்சை மேல் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வேகம் வந்து, மண், கரி, எண்ணெய் என்று எல்லாவற்றையும் குழைத்து எல்லா இடத்திலும் அப்பினார். சாக்கடையில் விழுந்து எழுந்தது போல ஆயிற்று. கழுவினார். மறுபடி பூசினார். அழுக்குக்கும் ஒரு நியாயம் உண்டு என்பது மூன்றாவது தடவைதான் புரிந்தது. புகை வருகிற இடத்தில்தான் கரி பிடிக்கும். சேறு கீழேதான் அப்பும், மேலே தூசியாகத்தான் படியும். பெயிண்ட் உரிந்த முனையில்தான் துரு கிளம்பும். இதையெல்லாம் அவர் பர்மாவில் தினமும் பார்த்தவர்தான். சுரண்டி எறிவதற்காகப் பார்த்தாரே தவிர, அதைப் போலச் செய்வதற்காகப் பார்த்ததில்லை.

அடுத்த வீட்டு ஞானையன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தது அந்தச் சமயத்தில்தான். பளபளவென்று இருந்த ஒரு சாமானை மனுஷன் மெனக்கெட்டு உட்கார்ந்து மண்ணைப் பூசி நாசமாக்குவதைப் பார்த்தான். மறுநாள் காலை சந்தைக்குள் பெயர் வந்துவிட்டது. "தங்கையா, எங்க வீட்டுல புதுப் பானை ஒண்ணு இருக்கு, கொண்டு வரட்டா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். தங்கையன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நேசம்மாளிடம்கூட விஷயத்தை முழுசாகச் சொல்லவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம். நேசம்மாள் வீட்டுக்கு வெள்ளையடித்து, பாத்திரமெல்லாம் விளக்கி, ஜன்னல் கம்பி வரைக்கும் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் இருந்த டாங்கி கண்ணில் பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிற சாமான், அது இந்தக் கோலத்திலா இருக்கும் என்று அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. புருஷன் கைவேலையை நாலு பேர் கேலி செய்வதும் அவளைக் குத்திக்கொண்டுதான் இருந்தது. சவுக்காரத்தையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இண்டு இடுக்கில் ஊசியை விட்டுக்கூட அழுக்கெடுத்தாள். தங்கையன் வந்தபோது டாங்கி வெயிலில் பச்சைப் பசேலென்று காய்ந்துகொண்டிருந்தது.

அவர் ஏசியிருந்தால்கூட நேசம்மாள் பதிலுக்கு ஏசியிருப்பாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்குப் பயமாகிவிட்டது.

"என்னத்துக்கு இப்பிடி இருக்கிய? நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் தங்கையன் வாயைத் திறந்தார். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாததைச் சொன்னார்.

"அந்தப் பையன் செத்த டாங்கிய எங்க ஒர்க்‌ஷாப்புக்குத்தான் இழுத்துட்டு வந்தாங்க, நேசம். அடிபட்டத மாத்தி, உள்ள கழுவி வெள்ள அடிச்சு, வெளிய பச்ச அடிச்சு, ஒடனே வேற ஆள்ட்ட குடுக்கணும். அதான் ஆர்டர். நாந்தான் அடிச்சேன். அவன் கை பட்ட எடம் ஒண்ணுகூட மிச்சமில்லாம, நல்லா, பளபளன்னு நாந்தான் அடிச்சேன். பொறவு வேற ஒரு பய வந்து ஏறிக்கிட்டுப் போனான். அவன் அதுல இருந்தாங்கிறதுக்கே ஒண்ணும் இல்லாமப் போச்சு."

அவள் கையில் இன்னும் சவுக்கார நுரை இருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அவன் கை எங்கெங்க பட்டிருக்கும்?" என்று கேட்டாள்.

"என்னது?"

"நம்ம அடுக்களக் கதவப் பாருங்க. நான் தொறக்க எடம் மட்டும் வழுவழுன்னு இருக்கும். ஒங்க கை படுக எடத்துல பெயிண்டா இருக்கும். வேற யாரு வந்து தொறந்தாலும் அந்த மாதிரி வராதுலா. நீங்க சேத்தையும் கரியையும்தானே பூசுனிய. அவன் தொட்ட எடத்தப் பூசுனியளா?"

தங்கையன் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் டாங்கியை எடுத்து வந்தார். ஓட்டுகிறவன் ஏறுகிற ஓட்டையின் ஓரத்தைத் தடவினார். மற்ற டாங்கிகளில் வலது பக்கம் பெயிண்ட் தேய்ந்து வரும். ஆறுமுகப்பெருமாளுடைய டாங்கியில் இடது பக்கம் தேய்ந்து வரும். எத்தனை தடவை அந்த இடத்தைத் தொட்டு அடித்திருப்பார். ஒவ்வொரு தடவையும் அவனை ஏசியிருப்பார். அது எப்படி மறந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மறுபடி ஆரம்பித்தார்கள், இந்தத் தடவை இரண்டு பேரும். கரி விஷயத்தில் நேசம்மாள் கெட்டிக்காரி. அடுப்புச் சட்டியில் எங்கே கனமாகப் பிடிக்கும், எங்கே புகை போல மெல்லிசாக ஏறும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விளக்குக் கரியை விரலில் தொட்டு, புகைபோக்கியைச் சுற்றி அவளே தேய்த்தாள். செம்மண்ணைத் துணியில் சலித்து, வேப்பம்பிசின் கரைத்துக் கீழ்ப்பக்கம் அப்பினார்கள். குளத்து வண்டல் இன்னும் நன்றாகப் பிடிக்கும். அதை மட்டும் இரண்டு பேரும் நினைத்தும் பார்க்கவில்லை. பழைய மண்வெட்டியில் சுரண்டிய துருவை முனைகளில் வைத்தார்கள். கடைசியாகத் தங்கையன் அந்த ஓட்டையின் இடது ஓரத்தைச் சணல் துணியால் தேய்க்க ஆரம்பித்தார். பச்சை போகிற வரைக்கும் தேய்த்தார். அடியில் மரம் தெரிந்தது. பென்சில் முனையைப் பொடித்து அதில் தேய்த்தபோது, கை பட்டுப் பட்டு மினுங்குகிற இரும்பு போல ஆகிவிட்டது. தேய்த்துக்கொண்டே அவர் அழுதார். நேசம்மாள் பார்க்காத மாதிரி மண் சலித்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் இரண்டு பேருமாகத் தோவாளைக்குப் போனார்கள். பூதலிங்கம் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். துண்டைப் பிரித்ததும் அவர், "ஐய, என்ன ஓய் இது, இப்பிடி ஆக்கி வச்சிருக்கீரு?" என்றார். அழகியநாயகி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

விரலில் கரி ஒட்டியது. மோந்து பார்த்தாள். "பொக இங்க இருந்தா வரும்?"

"ஆமா அம்மா. பொறத்தால."

"இந்தச் சேறு?"

"காட்டுப் பாத. அங்க மழன்னா நம்ம ஊரு மழ இல்ல."

அவள் விரல் ஒவ்வொரு இடமாக நகர்ந்து, ஓட்டையின் ஓரத்தில் வந்து நின்றது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறித் தடவினாள்.

"இங்க மட்டும் ஏன் பெயிண்டு போயிருக்கு? அந்தப் பக்கம் இருக்கே."

"அதுலதான் அவன் ஏறுவான். மத்தவனுக எல்லாம் வலது கையால பிடிச்சு ஏறுவானுக. ஒங்க மவன் எடது கையாலதான் பிடிப்பான். நான் எத்தன மட்டம் அடிச்சாலும் அந்த எடம் தேஞ்சு போகும்."

பூதலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பையன் இடதுகைக்காரன் என்று இந்த ஊரில் யாரும் தங்கையனுக்குச் சொன்னதில்லை.

"எடங்கைப் பய" என்றாள் அழகியநாயகி. "சோறு திங்கதுக்கு மட்டும் அடிச்சு அடிச்சு வலது கை பழக்குனேன். மத்ததுக்கெல்லாம் அந்தக் கைதான்." தேய்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கேட்டாள். "உள்ள தண்ணி வருமா?"

"எங்க வருகு? உள்ள ஒரே சூடு."

"அப்பம் எப்பிடிப் போனான்?"

இதற்கு என்ன சொல்வது என்று தங்கையன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். கடைசியில் உள்ளதைத்தான் சொன்னார். "முன்னால குண்டு பட்டுது அம்மா. அவனுக்குத் தெரிஞ்சுகூட இருக்காது. ஓட்டிக்கிட்டு இருந்தபடியே போயிட்டான்."

அவள் தலையை ஆட்டினாள். நேசம்மாள் நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போற அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன்" என்றாள் அழகியநாயகி.

"அக்கா, இப்பம் எதுக்கு அது" என்றார் பூதலிங்கம்.

"சொல்லணும். இத்தன வருஷமா நெஞ்சுல கெடக்கு. பட்டாளத்துக்குப் போறேன்னு பெட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கான். எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். 'எங்கயாம் கொளத்துல போய் விழுல, சவத்து மூதி'ன்னு சொல்லிட்டேன். அவன் திரும்பிப் பாக்காமப் போயிட்டான். எங்கிட்ட அவன் கேட்ட கடைசிச் சொல்லு அதாக்கும்."

தங்கையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு. அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கியது. நேசம்மாள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"இல்ல நேசம், பொறு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அது ஒங்க சொல்லா? அவன் தெனமும் காலையில அதத்தானே சொல்லுவான். டாங்கி லேசுல ஸ்டார்ட் ஆகாது. ஒரு மட்டம் பாப்பான், ரெண்டு மட்டம் பாப்பான். பொறவு வெளிய எறங்கி நின்னு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு, டாங்கியப் பாத்து ஏசுவான். 'எங்கயாம் கொளத்துல போய் விழுல, சவத்து மூதி'ம்பான். நாங்க அதக் கேக்கதுக்குன்னே கூட்டமா நிப்போம். பஞ்சாபிக்காரனுககூட அதப் படிச்சு வச்சிருந்தானுக. இது எங்க படிச்சலேன்னு கேட்டா, 'எங்க அம்மைட்ட. நான் சொன்னா இவ்வளவுதான் வரும். அவ வாயால கேக்கணும்'பான்."

அழகியநாயகி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது ஆறுதலுக்குச் சொல்வதா, உள்ளதா என்று தேடுகிற பார்வை. பிறகு டாங்கியை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிச்சுக்கிட்டா சொல்லுவான்?"

"சிரிச்சுக்கிட்டுத்தான் அம்மா."

"எப்பிடிச் சொல்லுவான்? அவன் சொல்லுக மாதிரியே சொல்லு மக்கா."

தங்கையன் எழுந்து நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவள் மடியில் இருந்த டாங்கியைப் பார்த்து, அந்தப் பையனுடைய ராகத்திலேயே ஏசினார்.

"இன்னொருக்கச் சொல்லு" என்றாள் அழகியநாயகி.